மணலை மண்ணாக்கும் கூட்டெரு

பாலவாக்கத்தில் வீட்டுத் தோட்டம் போட முனையும் அங்கத்தினர்கள் முதற்கண் அறிய வேண்டுவது, தங்கள் காலடியில் இருப்பது மண் அன்று, மணல் என்பதே. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். இடைப்பட்ட நிலம் கடலும் காற்றும் கொணர்ந்து குவித்தது. சவுக்கும் தென்னையும் இதில் தாமே வளரும். கத்தரியும் வெண்டையும் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. காலையில் இரண்டு குடம் நீர் வார்த்தாலும் பிற்பகலில் செடி வாடி நிற்கிறது. வார்த்த நீர் வேரைக் கடந்து கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும்போது, நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது.

அவ்வுரம் போய்ச் சேருமிடம் எது? நமது கிணறுகளின் ஊற்றே. திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் இம்மணற்பரப்பு மழைநீரைத் தன்னுள் தேக்கி வைத்திருப்பதாலேயே, கடலுக்கு இத்தனை அருகிலும் நன்னீர்க் கிணறுகள் உண்டாயின. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உட்புகும். ஆகவே, குறைந்த நீரில் காய்கறி விளைவிப்பது நமக்குப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. குடிநீரைப் பற்றிய பேச்சு.

இதற்கு உபாயம் கூட்டெரு. களிமண் உள்ள நிலத்தில் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் வேலையைக் களி செய்கிறது. மணலில் அது இல்லை. மட்கிய பொருள்தான் அந்த வேலையை ஏற்க வேண்டும். மணற்பரல்களினூடே மட்கு புகுந்தால், நீர் பஞ்சில் ஊறியது போல் நிற்கிறது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்தோடாமல் வேருக்குக் கிட்டுகின்றன.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, இடையிடையே புரட்டி, மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். பெங்களூரில் ஆச்சார்யா 1939ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த முறை வேறு. அதில் குழியை நிரப்பி மண் பூசி மூடிவிட்டால் புரட்ட வேண்டுவதில்லை; ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். நமக்கு இந்தூர் வழியே உகந்தது என்பது என் கருத்து. மணலில் ஆழமாகத் தோண்டிய குழியின் சுவர் சரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் நீர் ஊறி, எரு மட்காமல் அழுகி நாறும். தரைக்கு மேலேயே, சாந்து பூசாத செங்கல்லையோ தென்னோலைத் தட்டியையோ சுற்றிலும் நிறுத்திக் குவியல் போடுவது நலம்.

குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் சூடு பிடிக்காது. நன்கு அமைந்த குவியலின் நடுவே சில நாட்களில் 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் மடிவது அவ்வெப்பத்தால்தான். ஓர் இரும்புக் கம்பியை நடுவே செருகி வைத்து, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

காய்ந்த சருகு கரிச்சத்து மிகுந்தது. காய்கறித் தோலும் சாணமும் தழைச்சத்து மிகுந்தவை. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருப்பின் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். நிறுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. ஒரு கூடை சமையற்கட்டுக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடைச் சருகு என்று போட்டால் ஏறக்குறைய சரியாக வரும். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலையைக் கொளுத்துவோர் இதைச் சிந்திக்க வேண்டும். சவுக்கு ஊசியிலை மட்க நெடுநாள் பிடிக்கும். அதனைக் குறைவாகச் சேர்க்கவும். மீன் செதிலும் குடலும் மிக நல்ல சரக்கே. ஆனால் குவியலின் நடுவே புதைத்துச் சருகால் மூட வேண்டும், இல்லையேல் நாயும் பூனையும் கலைத்துவிடும். கருவாட்டுக் கழிவு மட்டும் ஆகாது. நம் நிலத்துக்கு இன்னும் உப்பு வேண்டியதில்லை.

நெசவாளர் வீடுகளில் பாவுக்குப் போட்டு எஞ்சிய கஞ்சியையும், சாயமேறாத பருத்தி நூல் கழிவையும் தாராளமாகச் சேர்க்கலாம். சாயத் தொட்டி நீரை ஒருபோதும் ஊற்றலாகாது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் அவசரப்பட்டு, ஐந்து வாரமே ஆன குவியலைப் பிரித்து மிளகாய்ப் பாத்தியில் இட்டேன். போதாதென்று பச்சைத் தென்னை நார்க்கழிவையும் அதனோடு கலந்தேன். பத்தே நாட்களில் நாற்றுகள் யாவும் மஞ்சளித்தன. மட்காத பொருளை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டன. செடி பட்டினி கிடந்தது. நார்க்கழிவில் கரிச்சத்து தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் என்பதைப் பின்னரே கற்றேன். இப்போதெல்லாம் ஒரு சிரட்டையில் எருவை நிரப்பிக் கீரை விதை தூவிப் பார்க்கிறேன். முளைத்துப் பச்சையாக நின்றால்தான் தோட்டத்துக்குப் போகும்.

எவ்வளவு இடுவது? காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண்மைத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. சென்டுக்கு ஏறக்குறைய 100 கிலோ ஆகும். நம் வெயிலில் மட்கு விரைவில் எரிந்துபோவதால், ஒருமுறை இட்டதோடு நிறுத்தாமல் பயிருக்குப் பயிர் இட வேண்டும்.

இவ்விடத்தில்தான் தனி வீட்டின் பலம் போதாது. நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு சேர்ந்தாலும், மூன்றடிக் குவியலை நிரப்ப மாதங்கள் செல்லும். அதற்குள் அடிக்கழிவு ஆறிவிடும். ஐந்தாறு வீட்டார் கூடி இரண்டு குவியல் வைத்துக்கொண்டால், ஒன்று நிரம்பும்போது மற்றொன்று பழுக்கும். பாலவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தென்சென்னைக் குப்பை நெடுங்காலம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி மேட்டில் கொட்டப்பட்டு வந்தது. 2022 ஏப்ரலில் அம்மேடு தீப்பற்றி எரிந்தது. மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டு விதிகளே கூறின. பிரித்ததை வண்டிக்குக் கொடுப்பதா, பாத்திக்குக் கொடுப்பதா என்பது நம் கையில் உள்ளது.

ஆடிப்பட்டத்துக்கு எரு வேண்டுவோர் பங்குனிச் சருகைக் கொண்டு சித்திரை முதல் வாரத்திலேயே குவியலை எழுப்பிவிட வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தட்ட வேண்டும், நீர் சொட்டலாகாது. இரண்டாம் வாரம், நான்காம் வாரம், எட்டாம் வாரம் என மூன்று முறை புரட்டுங்கள். மேலே ஓலை போட்டு மூடி வையுங்கள். சித்திரை வெயில் குவியலையும் விட்டுவைக்காது.