மேமோகிராம் ரிப்போர்ட்டில் படிக்காமல் விடும் வரி

மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். சுரப்பியும் நாரும் மிகுந்த மார்பகத்தில் சின்னக் கட்டியைக் கண்டுபிடிப்பது, பாலுக்குள் சுண்ணாம்பைத் தேடுகிற வேலை. இப்படிப்பட்டதைத்தான் அடர்த்தியான மார்பகம் என்கிறார்கள். இது நோயல்ல. 40 வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படித்தான். தொட்டுப் பார்த்து அறியவும் முடியாது. படம் எடுத்தால்தான் தெரியும்.

கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்துவந்தவர். ஒவ்வொரு முறையும் 'நார்மல்'. 2004இல் அப்படியொரு 'நார்மல்' வந்த சில வாரங்களிலேயே, பரிசோதித்த மருத்துவரின் கைக்கு மார்பகத்தில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. மறுபடி எடுத்த மேமோகிராமிலும் எதுவும் இல்லை. அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்தது. அதற்குள் நோய் 13 நெறிகட்டிகளுக்குப் பரவியிருந்தது. அடர்த்தி என்று ஒன்று இருப்பதையே அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவர் விடவில்லை. அடர்த்தியைப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம், அமெரிக்காவிலேயே முதலாவதாக, 2009இல் கனெக்டிகட்டில் வந்தது. 2018இல் அவர் இறந்தார். 2024 செப்டம்பர் 10 முதல் அந்த நாட்டின் எல்லா மேமோகிராம் மையங்களும் அடர்த்தியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் சொல்வது கட்டாயமானதே தவிர, சொன்ன பிறகு செய்யும் கூடுதல் ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது என்பது இன்னும் மாநிலத்துக்கு மாநிலம், காப்பீட்டுக்குக் காப்பீடு மாறுகிறது. பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள்.

அடர்த்தியை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிப்பார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. கட்டியை மறைப்பது ஒருபுறம் இருக்க, அடர்த்தி புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. "நாலு முதல் ஆறு மடங்கு ஆபத்து" என்று பரவும் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். அது டி பிரிவை ஏ பிரிவோடு ஒப்பிட்டது. இரண்டுமே பத்தில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் இரு எல்லைகள். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி பிரிவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சி பிரிவுக்கு அதைவிடக் குறைவு.

அப்படியானால் மேமோகிராமே வேண்டாமா? வேண்டும். சில புற்றுநோய்களின் முதல் அடையாளமான நுண்ணிய சுண்ணப் பொட்டுகளை அதுதான் நன்றாகக் காட்டும். அதற்கு மேல் என்ன செய்வது என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. நெதர்லாந்தில் 40,000க்கும் அதிகமான டி பிரிவுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே தலைகாட்டும் புற்றுநோய், எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்டவர்களிடம் ஆயிரத்துக்கு 2.5, மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களிடம் 5. இதை நம்பி ஐரோப்பிய மார்பகப் படவியல் சங்கம் 2022இல் எம்.ஆர்.ஐ.யைப் பரிந்துரைத்தது. அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைப் பணிக்குழுவோ 2024இல், ஆதாரம் போதாது என்று நிறுத்திக்கொண்டது. எம்.ஆர்.ஐ.க்கு மறுபக்கமும் உண்டு: அந்த நெதர்லாந்து ஆய்வின் முதல் சுற்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 80 பேர் அளவுக்கு, இல்லாத நோய்க்காக மேற்பரிசோதனைக்கு அலைந்தார்கள். அல்ட்ராசவுண்ட் செலவு குறைந்தது, எளிதில் கிடைப்பது. அதிலும் வீண் பயாப்சி உண்டு. என்னைக் கேட்டால், டி பிரிவு, அல்லது சி பிரிவோடு அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்த வரலாறு என்றால், கூடுதல் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

இந்தியாவில் அடர்த்தியைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஆனால் இங்கே தரும் மேமோகிராம் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் அடர்த்திப் பிரிவின் எழுத்து, ஆங்கிலத்தில், ஏற்கெனவே இருக்கிறது. கடைசி வரியில் 'நார்மல்' பார்த்ததும் கவருக்குள் போட்டுவிடுகிறோம். அந்த எழுத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் "என் அடர்த்தி என்ன பிரிவு, டாக்டர்?" என்று கேளுங்கள். ரிப்போர்ட் கையில் இல்லாதவர்கள் எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன.

மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்தாலோ கதை வேறு. வலி இல்லை என்று விட வேண்டாம். மேமோகிராம் நார்மல் என்றாலும் அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.