9.996 எப்போது 10 ஆகக் கூடாது?

வாலட் ஆப்பில் பாலன்ஸ் 10.00 டாலர் என்று காட்டுது. சரி, 10 டாலர் அனுப்பலாம் என்று அழுத்தினால் 'போதுமான பணம் இல்லை'. உள்ளே இருப்பது 9.996. நான் கான்ட்ராக்டில் போன ஒரு இடத்தில் இந்தப் புகார் வந்துகொண்டே இருந்தது. காரணம் டூஃபிக்ஸ்ட்(2). அது வெட்டாது, ரவுண்ட் பண்ணும். இல்லாத காசை இருக்கு என்று சொல்லக் கூடாத இடத்தில் தசமத்தை வெட்டத்தான் வேணும்.

எப்படி வெட்டுவது? எல்லாரும் முதலில் எழுதுவது இதுதான்: 100ஆல் பெருக்கு, மேத்.ட்ரங்க் போடு, 100ஆல் வகு. 9.996க்கு 9.99 சரியாக வரும். இப்போ 0.29 கொடுத்துப் பாருங்க. 0.28! பைனரியில் 0.29ஐத் துல்லியமாக எழுத முடியாது. 100ஆல் பெருக்கினா 28.999999999999996. ரவுண்ட் பண்ணும்போது இந்தத் துளி வித்தியாசம் கண்ணில் படாது. வெட்டும்போது முழுசா ஒரு சென்ட்டைத் தின்னுடும்.

பைத்தான் என்றால் டெசிமல் எடுங்க, குவான்டைஸில் ரவுண்ட்_டவுன் கொடுங்க. 0.29ஐ ஸ்ட்ரிங்காகவே கொடுக்கணும், ஃப்ளோட்டாகக் கொடுத்தா அதே 0.28 திரும்ப வரும். ஃப்ளோர் பக்கம் போகாதீங்க. மைனஸில் அது -2.567ஐ -2.57 ஆக்கிடும்.

இதெல்லாம் திரையில் காட்டுவதற்கு மட்டும். கணக்குக்குள்ளேயே வெட்டினா என்ன ஆகும் என்பதற்கு நம்ம கனடாவிலேயே கதை இருக்கு. வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு டிரேடுக்கும் புதுசாகக் கணக்கிட்டு, மூன்று தசமத்தோடு வெட்டி, வெட்டின எண்ணையே அடுத்த கணக்குக்குக் கொடுத்தார்கள். ஒரு தடவைக்குப் போவது சராசரியாக 0.0005தான். ஆனா ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை! 1983 நவம்பரில் குறியீடு 520ஐ ஒட்டி நின்றது. திரும்பச் சரியாகக் கணக்குப் போட்டால் 1098.892. சந்தை ஏறியிருக்கு, போர்டு மட்டும் பாதியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கு. ரவுண்ட் பண்ணியிருந்தா கூடினதும் குறைஞ்சதும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். வெட்டுவது ஏறுமுகக் குறியீட்டை எப்பவும் கீழேதான் இழுக்கும்.

அதனால கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது, வெட்டின எண் டேட்டாபேஸுக்குத் திரும்பப் போகுதா என்று. போனா, மெர்ஜ் கிடையாது.