குறைமாதப் பிரசவம்: தடுப்பது யார் பொறுப்பு?

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறந்துவிடும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறது மருத்துவம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் இப்படிப் பிறந்தவை ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எண்ணிக்கையில் வேறு எந்த நாடும் நம்மை நெருங்கவில்லை. ஐந்து வயது நிறையும் முன் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு முதற்காரணமும் இதுவே. 2019-இல் மட்டும் குறைமாதப் பிறப்பின் சிக்கல்களால் சுமார் 9 லட்சம் குழந்தைகள் இறந்தன.

இந்த எண்களைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொன்று. 2010-இல் உலகின் குறைமாதப் பிறப்பு விகிதம் 9.8 சதவீதம், 2020-இல் 9.9 சதவீதம். அந்தப் பத்தாண்டுகளில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகின, கருவிகள் மேம்பட்டன, கையளவு குழந்தைகளைக்கூட மருத்துவர்கள் பிழைக்க வைத்தார்கள். ஆனால் முன்கூட்டிப் பிறப்பது மட்டும் குறையவே இல்லை. பிறந்த பிறகு காப்பாற்றுவதில் காட்டிய அக்கறையை, உரிய நாள்வரை கருப்பையில் வளரவிடுவதில் நாம் காட்டவில்லை. அந்த வேலையின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலும் வேலையிடத்திலும் அரசின் முடிவுகளிலும் இருக்கிறது. ஆகவே குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பது கர்ப்பிணியின் தனிப்பட்ட கடமை என்று ஒதுக்காமல், ஊர் மொத்தமும் ஏற்க வேண்டிய பொறுப்பாகப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஏழு மாதம், எட்டு மாதம்: ஒரு தவறான நம்பிக்கை

"ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தால் பிழைக்காது" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். மருத்துவச் சான்றுகள் இதற்கு நேர்மாறானவை. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் பிழைக்கும் வாய்ப்பை உயர்த்துகிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு சுரக்கிறது. அது போதாத குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராட வேண்டியிருக்கும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்து, இந்தக் குறைபாட்டால் இரண்டு நாள்கூட நிறைவடையாமல் இறந்தான். அன்றைக்கு உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தும் பயனில்லை.

மூளைக்கும் இந்தக் கடைசி வாரங்கள் இன்றியமையாதவை. 35-ஆவது வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாதத்தில் அது அடையவேண்டிய எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். பால் உறிஞ்சுவதற்கும் விழுங்குவதற்கும் மூச்சுவிடுவதற்கும் உள்ள ஒத்திசைவு, உடல்சூட்டைக் காத்துக்கொள்ள உதவும் கொழுப்பு, நோய்த்தொற்றை எதிர்க்கத் தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் பொருள்கள் ஆகிய எல்லாம் இறுதி வாரங்களில்தான் நிறைவாகச் சேர்கின்றன. எனவே "இரண்டு மூன்று வாரம்தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

"இன்குபேட்டர் இருக்கிறதே" என்ற நிம்மதி

மருத்துவம்தான் இவ்வளவு வளர்ந்துவிட்டதே, பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். வளர்ச்சி உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1972-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹவியும், குறைமாதத்தில் பிரசவிக்க இருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவப்படுகிறது என்று நிறுவினார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் தட்டுப்பாட்டுக்கு நடுவே, தாயின் மார்போடு தோல் படக் குழந்தையைக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பு தொடங்கியது. இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இந்தப் பராமரிப்பைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

ஆனாலும் காப்பாற்றுவது தடுப்பதற்கு ஈடாகாது. பிழைத்த குழந்தைகளில் சிலருக்குப் பார்வைக் குறைபாடும், கேட்கும் திறனில் குறையும், கற்றல் சிரமமும், மூளைவாதமும் நேர்கின்றன. குறைமாதக் குழந்தையின் விழித்திரை பாதிப்பைப் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பரிசோதித்துக் கண்டுபிடிக்காவிட்டால் நிரந்தரப் பார்வை இழப்பில் முடியலாம். பிழைப்பதும்கூடப் பிறக்கும் இடத்தைப் பொறுத்தது. வசதியான நாடுகளில் 32 வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. ஏழை நாடுகளில் 32 வாரமோ அதற்கு முன்போ பிறப்பவற்றில் பாதி இறந்துவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சையின் பலனும் விழிப்புணர்வைச் சார்ந்தே நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி முழுமையாக வேலைசெய்ய ஒரு நாளாவது ஆகும். வலி முற்றி, பனிக்குடம் உடைந்து பல மணி நேரம் கழித்து வந்து சேரும் தாய்க்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அறிகுறியை அறிந்து முன்கூட்டியே புறப்படும் குடும்பத்துக்குத்தான் அந்த ஊசியின் முழுப் பயன் கிடைக்கும்.

காரணங்களில் நம் கைக்குள் இருப்பவை

குறைமாதப் பிரசவங்கள் பலவற்றுக்குக் காரணமே தெரிவதில்லை. அப்படியிருக்க எதைத் தடுப்பது என்ற எதிர்வாதம் வலுவானது. எந்த மருத்துவரும் எல்லாக் குறைமாதப் பிரசவத்தையும் தடுத்துவிடலாம் என்று வாக்களிக்க முடியாது. பலன் தரும் என்று நம்பிய மருந்துகளும் பொய்த்திருக்கின்றன. மீண்டும் குறைமாதப் பிரசவம் நேராமலிருக்க அமெரிக்காவில் 2011-இல் அனுமதிக்கப்பட்ட ஒரு ஹார்மோன் ஊசி, பலன் உறுதிப்படவில்லை என்று 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதிலிருந்து எதையும் தடுக்க முடியாது என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. தெரிந்த காரணங்களே ஒரு நீளமான பட்டியல்: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, கருப்பை வாய் குறுகியிருத்தல், இரட்டைக் கரு, அடுத்தடுத்த கர்ப்பம், இளவயதுக் கர்ப்பம், புகை, ஓய்வில்லாத கடும் உழைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கச் சாதாரண ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தக் கருவியும் ஒரு ஸ்கேனும் போதும்.

சான்றுகளைப் பாருங்கள். இந்தியா உள்பட ஆறு நாடுகளில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த சுமார் 12,000 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு குறைந்த அளவு ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே குறைமாதப் பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாகக் குறைந்தது. சில ரூபாய் மதிப்புள்ள மாத்திரை அது. ஆனால் யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். கருப்பை வாய் குறுகியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால் புரோஜெஸ்டிரான் மருந்து கொடுக்கலாம். சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போட்டுக் காக்கலாம். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருந்துச்சீட்டில் எழுத முடியாத காரணங்களும் உண்டு. 2006-இல் பொது இடங்களில் புகைபிடிப்பதை ஸ்காட்லாந்து தடைசெய்த பிறகு அங்கே குறைமாதப் பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. புகைபிடிக்காத தாயையும் அடுத்தவர் ஊதும் புகை பாதிக்கிறது. ஆகவே கணவர் பீடியையும் சிகரெட்டையும் விடுவது அவர் குழந்தைக்குச் செய்யும் முதல் வைத்தியம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்குக்கும் மேல் இருந்தது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வயலிலும் நிற்கும் கர்ப்பிணிக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் கிடைக்கச் செய்வது மருத்துவர் கையில் இல்லை. அது வேலை கொடுப்பவர் கையிலும் அரசின் கையிலும் இருக்கிறது.

நாள் குறித்துச் செய்யும் சிசேரியன்

முன்கூட்டிய பிரசவங்கள் எல்லாம் தானாக நேர்பவை அல்ல; ஒரு பகுதி மருத்துவர் தொடங்கிவைப்பவை. தாயின் ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறும்போதும், குழந்தையின் வளர்ச்சி நின்றுபோகும்போதும் உடனே பிரசவிக்க வைப்பதே உயிரைக் காக்கும். அங்கே "இன்னும் நாள் ஆகட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நான் கேள்வி எழுப்புவது மருத்துவக் காரணமே இல்லாமல் நாள் குறிப்பதைப் பற்றி. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இந்திய அளவில் அது 21.5 சதவீதம். இவற்றில் எத்தனையோ அவசியமானவை. ஆனால் நட்சத்திரமும் முகூர்த்தமும் பார்த்து, உறவினர் விடுமுறை பார்த்து, தேதியை முன்னுக்கு இழுப்பதும் நம்மிடையே நடக்கிறது.

நாள் கணக்கே பிசகியிருந்தால், 37 வாரம் என்று நினைத்து எடுக்கும் குழந்தை உண்மையில் 35 வாரக் குழந்தையாக இருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் கர்ப்பத்தின் வயதை மிகத் துல்லியமாகச் சொல்லும்; அதைத் தவறவிடக் கூடாது. மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும் முன் சிசேரியன் வேண்டாம் என்பதே மகப்பேறு மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. நல்ல நேரம் பார்க்கும் குடும்பங்களிடம் நான் வேண்டுவது எளிது: 39 வாரத்துக்குப் பிறகும் நல்ல நாள்கள் வரும், அவற்றில் பாருங்கள்.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா?

இப்படி விழிப்புணர்வு பேசினால் குறைமாதத்தில் பெற்ற தாய்மார்கள் மேலும் குற்ற உணர்வில் வாடுவார்களே என்ற கவலையை நான் மதிக்கிறேன். மாடிப்படி ஏறினாள், பப்பாளி தின்றாள் என்று ஊர் அவர்களை ஏற்கெனவே போதுமான அளவு குத்திப் பேசிவிட்டது. எல்லாம் சரியாகச் செய்தும் குறைமாதத்தில் பிரசவித்தவர்கள் ஏராளம். அவர்கள்மேல் எந்தப் பழியும் இல்லை. ஆனால் அதற்காகப் பேசாமல் இருந்தால் பழி அவர்களோடு நின்றுவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. பாதிப்பேருக்கு இருக்கும் ஒரு குறையைத் தனிமனுஷியின் அலட்சியம் என்று சொல்ல முடியாது. வீட்டில் கடைசியாக உண்பவளுக்கு மிஞ்சுவது என்ன, வளரிளம் பருவத்திலேயே அவள் உடலில் இரும்புச்சத்து இருந்ததா, எந்த வயதில் மணமுடித்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாம் எல்லோரும்.

சட்டமும் இங்கே பாதி வழியில் நிற்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்புக்கு வழிசெய்தது. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விவசாயக் கூலிக்கும் போகும் பெண்ணுக்கு நடைமுறையில் அது எட்டாக்கனி. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருவது பெரிய ஆறுதல். கடைசி மூன்று மாதக் கூலி இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு அது உயர வேண்டும் என்று கேட்பதற்கு மக்களின் குரல் வேண்டும். அப்படிக் குரல் எழுந்தால் பலன் உண்டு. போலியோவை எதிர்க்க 1938-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பு, பிற்காலத்தில் குறைமாதப் பிறப்பின் பக்கம் திரும்பி, காரணமின்றி 39 வாரத்துக்கு முன் பிரசவம் செய்வதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது, மருத்துவமனைகளும் உடன்பட்டன. இளவயதுப் பிரசவங்களும் அதே காலத்தில் குறைந்தன. அங்கே குறைமாதப் பிறப்பு 2007-இல் 10.4 சதவீதமாக இருந்து 2014-இல் 9.6 ஆக இறங்கியது. பிறகு விகிதம் மறுபடி ஏறியதும் உண்மை. கவனம் தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

இன்றே தொடங்கக்கூடியவை

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடமோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவுசெய்யுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறாரா என்று கணவரும் மாமியாரும் கவனித்துக்கொள்ளுங்கள். முன்பு குறைமாதத்தில் பிரசவித்திருந்தால் முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், இடுப்பு வலி தொடர்ந்தாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் புறப்படுங்கள். பச்சிளம் குழந்தை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனை எது என்பதை ஏழாம் மாதத்துக்குள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்புக்கு உறவும் அக்கம்பக்கமும் கூடுகிறது. அங்கன்வாடிகள் சமுதாய வளைகாப்பும் நடத்துகின்றன. அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, இந்த ஆபத்து அறிகுறிகளைச் செவிலியர் ஒருவரைக்கொண்டு சொல்ல வையுங்கள்; கணவரையும் உட்கார வையுங்கள். நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் நாள். அன்றைக்கு உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஸ்கேன் வசதி இருக்கிறதா, மாத்திரைகள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கின்றனவா, மாவட்ட மருத்துவமனையில் கங்காரு பராமரிப்புக்குத் தாய்க்கு இடம் தருகிறார்களா என்று கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் எழுப்புங்கள். குழந்தை உரிய நாளில் பிறப்பதற்கு வேண்டிய உணவு, ஓய்வு, பரிசோதனை மூன்றையும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் உறுதிசெய்வது நம் கடமை. அதை உங்கள் தெருவில் இருக்கும் ஒரு கர்ப்பிணியிடமிருந்து தொடங்குங்கள்.