முயல் கூட்டை எந்தப் பக்கம் வைப்பது?

திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரத்தில் முயல் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கூட்டின் விலையை விசாரிப்பார்கள். அதற்கு முன் வளவில் எந்த இடம் எப்போது நிழலாகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. இந்த ஊரில் முயலைக் கொல்லக்கூடிய முதல் எதிரி நாயோ பாம்போ அல்ல, வெப்பம்தான்.

நாம் வீட்டில் வளர்க்கும் முயல் எமது பற்றைக்காடுகளில் ஓடும் முயலின் இனமல்ல. காட்டு முயல் வளை தோண்டாது, புல் மறைவில் படுத்துக்கொள்ளும். வீட்டு முயலோ ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து வளை முயலின் வழிவந்தது. அதன் முன்னோர் கொதிக்கும் பகலை மண்ணுக்கு அடியில் கழித்தவை. முயலால் எம்மைப் போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது. உடற்சூட்டை வெளியேற்ற அதற்கு உதவுபவை பெரும்பாலும் காதுகளும் மூச்சும்தான். 20 பாகை செல்சியசை ஒட்டிய காற்று அதற்கு இதம். 30ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். 35ஐத் தொட்டால் காதைச் சுற்றியுள்ள காற்றே உடற்சூட்டை நெருங்கிவிடுவதால் வெப்பம் வெளியேறுவது மிகக் கடினமாகும். திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரை பகலில் 34, 35 பாகை சாதாரணம்.

தமிழ்நாட்டில் முயலை ஆராயும் நிலையங்கள் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் இருப்பதைப் பார்த்தாலே முயலுக்கு வெப்பம் ஆகாது என்பது விளங்கும். 1859இல் தோமஸ் ஒஸ்டின் என்ற குடியேற்றவாசி அவுஸ்திரேலியாவில் அவிழ்த்துவிட்ட முயல்கள் அந்தக் கண்டத்தின் தெற்கை நிறைத்தன. ஆனால் அதன் வெப்பமண்டல வடபகுதியில் அவற்றால் பெரிதாகப் பெருக முடியவில்லை.

மலையைக் கீழே கொண்டுவர முடியாது. ஆனால் வீட்டின் தெற்குப் பக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு அது வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. கொடும் வெப்ப மாதங்களில் வெயில் வடக்கிலிருந்தே விழுகிறது, வீட்டுச் சுவரின் நிழல் தெற்கே விழுகிறது. அதே மாதங்களில் வீசும் கச்சான் காற்றும் தென்மேற்கிலிருந்து வருவதால் தெற்கே வைத்த கூட்டுக்குள் தடையின்றிப் புகும். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் சாரலை வீடே மறித்துவிடும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் கொஞ்சம் வெயில் படுவதால் கெடுதி இல்லை. ஒரே இடம் மூன்று நன்மையையும் தருவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கக்கும். ஆகவே கூட்டைச் சுவரோடு ஒட்டாமல் ஓரடி தள்ளி வையுங்கள்.

கூரை வெறும் தகரமாக இருந்தால் இத்தனையும் வீண். வெயிலில் காய்ந்த தகரம் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். தகரத்தின் மேல் சிறு இடைவெளி விட்டுக் கிடுகு போட்டால் அந்த வெப்பம் பெருமளவு குறையும். சித்திரை, ஆவணி மாதங்களில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது காப்பது இந்தக் கூரைதான். கூட்டுக்குள் ஒரு மண்பானையைச் சரித்து வையுங்கள். வளைக்குள் ஒடுங்கும் பழக்கமுள்ள விலங்குக்கு அது பெரிய ஆறுதல். வட ஆபிரிக்காவில் சிலர் நிலத்துக்கு அடியிலேயே முயலுக்கு அறை கட்டுகிறார்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் எமது காணிகளில் அதைச் செய்யக்கூடாது.

அளவு விடயத்தில் நாம் மிகவும் கஞ்சத்தனமாக இருக்கிறோம். கோழிக்கூட்டில் முயலை அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரித்தானிய முயல் நல அமைப்பினர் ஒரு சோடிக்கு 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் கேட்கிறார்கள். அவ்வளவு முடியாவிட்டாலும் முயல் தொடர்ந்து மூன்று முறை துள்ளவும், காது கூரையில் முட்டாமல் பின்னங்காலில் எழுந்து நிற்கவும் வேண்டும். சோடி என்பதும் முக்கியம், தனிமை முயலை வாட்டும். ஆணும் பெண்ணுமானால் கருத்தடை பற்றி மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முயலின் பாதத்தில் நாய்க்கு உள்ளது போன்ற மெத்தை இல்லை, மயிர் மட்டும்தான். முழுக்கக் கம்பி வலையாலான தரையில் பாதம் புண்ணாகும். பாதித் தரையாவது பலகையாக இருக்கட்டும், அதன்மேல் காய்ந்த புல் பரப்புங்கள். சிறுநீர் தேங்கினால் எழும் அமோனியா முயலின் மூச்சுக்குழாயை அரித்து நோய்க்கு வழிவிடும். தினமும் கூட்ட வேண்டும், காற்றும் ஓட வேண்டும்.

பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை போதும், சாரையும் கீரியும் நுழையா. எறும்புக்காகக் கூட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தாதீர்கள், டெங்கு நுளம்பு அதில் பெருகும். கால்களில் கழிவு எண்ணெய் பூசலாம். புயற்காற்றில் கூடு கவிழாதபடி கால்களை நிலத்தில் ஆழ நட்டுக் கட்டிவிடுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான்.