மின்மாற்றியின் சுருதி: கணிப்பொறியில் நாமே செய்யும் இசைக்கருவி

நெய்வேலி நகரியத்தின் அகன்ற தெருக்களில் இரவு ஊர் அடங்கிய பின் நடந்து பாருங்கள். தெரு முனையில் இருக்கும் மின்மாற்றியிலிருந்து 'ம்...' என்ற ஓசை இடையறாது வரும். நாம் அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதற்கு ஒரு திட்டமான சுருதி உண்டு. வினாடிக்கு 100 அதிர்வுகள்!

இந்த எண் எங்கிருந்து வந்தது? நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பின்னர் வந்த நிலையங்கள் அப்பணியைத் தொடர்கின்றன. இத்தகைய நிலையங்களில் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் டர்பைன்கள் வினாடிக்கு 50 சுழற்சி வீதம் மாறுதிசை மின்னோட்டத்தைத் தருகின்றன. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் காந்தமாகும்போது மிக மிகச் சிறிய அளவு உருமாறுகிறது. காந்தத்தின் திசை எதுவாயினும் இவ்வுருமாற்றம் ஒன்றே. ஆகவே ஒரு சுழற்சிக்கு இருமுறை என, வினாடிக்கு 100 முறை அது அதிர்கிறது.

அந்த ஓசையில் 100 மட்டும் இல்லை. 200, 300, 400 ஹெர்ட்ஸ் அதிர்வுகளும் உடன் ஒலிக்கின்றன. இவற்றையே மேற்சுரங்கள் என்கிறோம். ஒரே சுருதியில் ஒலிக்கும் வீணையையும் நாகசுரத்தையும் கண்ணை மூடிக்கொண்டே நாம் பிரித்து அறிவதற்கு முதன்மையான காரணம், மேற்சுரங்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு வலிமையுடையது, எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதே ஆகும்.

இவ்வுண்மை ஒன்று போதும், வீட்டுக் கணிப்பொறியில் நாமே ஓர் இசைக்கருவியைச் செய்துவிடலாம். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

கூட்டிச் செய்யும் வழி

கணிப்பொறிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டின் முறைப்படி வினாடிக்கு 44,100 எண்கள். பைத்தான் போன்ற எளிய நிரல்மொழியில் சைன் சார்பைக் கொண்டு இவ்வெண்களைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதினால், அதை எந்தக் கணிப்பொறியும் இசைத்துக் காட்டும். நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய அதே 1957-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர், இவ்வாறு எண்களிலிருந்து இசை எழுப்பும் முதல் நிரலை இயக்கினார். அன்று ஒலித்த இசை வெறும் 17 வினாடிகளே!

முதல் வழி மிக எளியது. வேண்டிய மேற்சுரங்களுக்கு ஒவ்வொரு சைன் அலையாகக் கணக்கிட்டு அனைத்தையும் கூட்டுங்கள். எளியதாயினும் இது எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்ட ஒரு சோதனை சொல்கிறேன். இதற்கு வழிகாட்டி திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் அவர்களே.

சாதாரணமான வட்டத் தோல் ஒன்றைத் தட்டினால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் அமையும். இவை முழு எண்கள் அல்ல. எனவே செவிக்குத் திட்டமான சுருதி புலப்படாது. ஆனால் மிருதங்கம் சுருதி சேர்கிறதே! எப்படி? இராமன் 1920-இல் எஸ். குமார் என்பவருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவான ஆய்வுரை ஒன்றும் வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி அது எங்கெங்கே குவிகிறது என்று பார்த்தார். வலந்தலையின் நடுவே பூசப்பட்ட கருஞ்சாந்து அதிர்வுகளை இழுத்துப் பிடித்து, ஒன்பது வகை அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து சுரங்களில் அடங்கச் செய்கிறது என்று கண்டார். சாந்தின் கனத்தைப் படிப்படியாகப் பூசித் தேய்த்துச் செவியால் சரிபார்த்த கைவினைஞர்கள், கணிதம் எழுதாமலே இவ்விடையைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்!

இதை நீங்கள் காதாலேயே கேட்கலாம். முதலில் 150, 239, 320, 344, 398, 438 ஹெர்ட்ஸ் கொண்ட ஆறு சைன் அலைகளைக் கூட்டுங்கள். முதல் அலையின் வீச்சு பத்தில் ஒரு வினாடிக்கு ஒருமுறை பாதியாகக் குறையட்டும். மற்றவை இன்னும் விரைவாகத் தேயட்டும். 'தொப்' என்று ஒரு வெற்றுத் தோலின் ஒலி வரும். இப்போது எண்களை மட்டும் 150, 300, 450, 600, 750 என மாற்றுங்கள். அதே நிரல், அதே தேய்மானம். ஆனால் ஒலியில் சுருதி பிறந்துவிடும். இராமன் மணலைக் கொண்டு கண்டதை நீங்கள் பத்து வரி நிரலைக் கொண்டு கேட்டுவிட்டீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கூட்டிய அலையின் எண் 32,767-ஐத் தாண்டினால் 16 பிட் கோப்பில் அதை எழுத இடமில்லை, ஒலி சிதையும். எனவே வீச்சுகளின் மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்துவிடுங்கள். இரண்டாவது, ஓசையைத் திடீரென்று நிறுத்தினால் 'டப்' என்ற வெட்டொலி எழும். முடிவில் ஒரு நூறில் ஒரு பங்கு வினாடியாவது வீச்சைப் படிப்படியாக இறக்குங்கள்.

அசைவே சுரமாகும் வழி

கூட்டும் முறையில் ஒரு குறை உண்டு. தம்புராவின் நான்கு தந்திகளுக்கு இருபது மேற்சுரங்கள் வீதம் எண்பது அலைகள் வேண்டும். வினாடிக்கு 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட சைன் கணக்குகள்! இன்றைய கணிப்பொறியில் சிறிது காத்திருந்தால் போதும். 1960-களில் அது பெருஞ்செலவு.

1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கணிப்பொறியில் சுர நடுக்கத்தைச் சோதித்துக் கொண்டிருந்தார். நம் பாடகர்கள் ஒரு சுரத்தை அசைக்கும் கம்பிதத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சுருதி வினாடிக்கு நான்கைந்து முறை மேலும் கீழும் போய்வரும். நம் காது அப்போக்கைத் தொடர்ந்து கேட்கும். சௌனிங் அந்த அசைவின் வேகத்தையும் அளவையும் மேன்மேலும் கூட்டினார். வேகம் வினாடிக்கு இருபது முறையைத் தாண்டியதும் காதால் அதைத் தொடர முடியவில்லை. அசைவு மறைந்தது, அதன் இடத்தில் ஒரு புதிய ஒலிப்பண்பு பிறந்தது!

இதுவே அதிர்வெண் பண்பேற்றம். பண்பலை வானொலி கேட்பவர்களுக்கு இச்சொல் புதியதல்ல. வானொலியில் ஊர்தி அலை செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் உடையது. இங்கோ ஊர்தி அலையும் அதை அசைக்கும் அலையும் இரண்டுமே செவிக்கு எட்டுபவை. சூத்திரம் இவ்வளவுதான்:

ஒலி = வீச்சு × சைன் (ஊர்திக் கோணம் + பண்பேற்ற எண் × சைன் (அசைப்புக் கோணம்))

இதில் எழும் சுரங்களை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ஊர்தி அதிர்வெண்ணோடு அசைப்பு அதிர்வெண்ணை ஒருமடங்கு, இருமடங்கு, மும்மடங்கு என்று கூட்டுங்கள், கழியுங்கள். கழித்து எதிர்மறை எண் வந்தால் குறியை நீக்கிவிடுங்கள். பண்பேற்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, இருபுறமும் குறிப்பிடத்தக்க வலிமையுடன் ஒலிக்கும் சுரங்களின் ஏறத்தாழச் சரியான எண்ணிக்கை.

ஊர்தி 200, அசைப்பு 200 என்றால் 200, 400, 600, 800 என எல்லா மேற்சுரங்களும் கிடைக்கும். பண்பேற்ற எண்ணைச் சுழியிலிருந்து 5 வரை விரைவாக ஏற்றி இறக்கினால் பித்தளைக் குழலின் முழக்கம்.

ஊர்தி 200, அசைப்பு 400 என்றால் 200, 600, 1,000 என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும். கிளாரினெட்டை நினைவூட்டும் கூடான ஒலி.

ஊர்தி 200, அசைப்பு 280 என்றால் 200, 480, 760, 80, 360 எனச் சுருதி சேராத எண்கள். எண்ணை 10-இல் தொடங்கி மெல்லச் சுழிக்கு இறக்குங்கள். கோயில் மணி அடித்து ஓய்வது போல் இருக்கும்.

இரண்டே சைன் அலைகளில் இத்தனையும்! சௌனிங் 1973-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு இதற்குக் காப்புரிமையும் பெற்றது, ஜப்பானின் யமாஹா நிறுவனத்துக்கு உரிமமும் தந்தது. 1983-இல் வந்த டி.எக்ஸ்.7 என்ற யமாஹா கருவி உலகெங்கும் பரவியது. தமிழகத்திலும் அதன் இனத்தைச் சேர்ந்த யமாஹா சி.எக்ஸ்.5எம் என்ற சிறு கணிப்பொறி, இளையராஜா 1986-இல் இசையமைத்த 'புன்னகை மன்னன்' படத்தில் பயன்பட்டது.

கமகம் செய்யும் சோதனை

இங்கே ஒரு கேள்வி எழும். கடையில் நல்ல கீபோர்டு கிடைக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும்?

பியானோ வகைக் கட்டைகள் ஒரு சுரத்தை அழுத்தினால் அந்தச் சுரத்தில் நிலையாக நிற்கும். நம் இசையோ சுரங்களில் நிற்பதைவிடச் சுரங்களுக்கு இடையே செல்வதில் உயிர் வாழ்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒரே எண்ணாக எழுதிவிட முடியாது. அது ஒரு பாதை. அந்தப் பாதையை எண்களாக வரைய நமக்குச் சொந்தமான நிரல் வேண்டும். சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் கமகங்களைக் கணிப்பொறியால் அளந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ச, ரி, க, ம என்று தட்டெழுதிய குறிப்பைக் கமகத்தோடு இசைக்கும் 'காயகா' என்ற மென்பொருளையும் உருவாக்கினார். ஒரு தனிமனிதரின் உழைப்பால் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று.

கமகம் எழுதத் தொடங்கும் பலரும் ஒரே குழியில் விழுவார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். நிலையான சுரத்துக்குக் கோணம் என்பது '2π × அதிர்வெண் × நேரம்'. அதிர்வெண் மாறும்போதும் இதையே எழுதினால் கெட்டது காரியம். எடுத்துக்காட்டாக, பாட்டின் பத்தாவது வினாடியில் 200-லிருந்து 230 ஹெர்ட்ஸுக்கு 0.3 வினாடியில் வழுக்கிச் செல்ல எண்ணுகிறீர்கள். அதிர்வெண் வினாடிக்கு 100 வீதம் ஏறுகிறது. அதை நேரமாகிய 10 பெருக்கிவிடும். வழுக்கலின் போது 1,000 ஹெர்ட்ஸ் கூடுதலாகச் சேர்ந்து ஒரு கீச்சொலி எழும். பாட்டின் தொடக்கத்தில் சரியாக இருந்தது போகப் போகக் கெடுவதால், பிழை எங்கே என்று புரியாமல் திகைப்பீர்கள்.

மருந்து எளியது. கோணத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெருக்காதீர்கள், சேமித்து வாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும், அந்தக் கணத்தின் அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கி 44,100-ஆல் வகுத்து, பழைய கோணத்தோடு கூட்டுங்கள். சக்கரம் எந்த வேகத்தில் சுழன்றாலும் முன்பு நின்ற இடத்திலிருந்துதானே அடுத்த அடி நகரும்? டர்பைனும் அப்படித்தான், நம் நிரலும் அப்படித்தான்.

இன்னொன்று. வினாடிக்கு 44,100 எண்களைக் கொண்டு 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுரத்தை எழுத முடியாது. 30,000 ஹெர்ட்ஸை எழுதினால் அது மடங்கி 14,100 ஆக ஒலிக்கும். பண்பேற்ற எண்ணை மிகையாக ஏற்றும்போது மேலெல்லையைத் தாண்டும் சுரங்கள் இவ்வாறு திரும்பி வந்து அபசுரமாக நிற்கும். எண்ணை அடக்கி ஆளுங்கள்.

தம்புராவைச் செய்ய விரும்புவோர் கூட்டும் வழியையே கொள்க. அதன் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலும் மேற்சுரங்களைத் தழைக்கச் செய்கின்றன. மீட்டும் இடத்தால் எழக்கூடாத மேற்சுரங்கள்கூட அதில் வலுவாக ஒலிப்பதை இராமன் 1921-இலேயே எடுத்துக்காட்டினார். எனவே எல்லா அலைகளையும் ஒன்றாகத் தேயவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் காலத்தில் எழுந்து அடங்கட்டும். எவ்வளவு என்பதற்கு உண்மையான தம்புராவும் உங்கள் காதுமே ஆசிரியர்கள்.

சாந்தைத் தேய்த்துத் தேய்த்துச் செவியால் திருத்திய அந்தக் கைவினைஞரின் வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். சாந்துக்குப் பதில் எண்கள். முதல் பாடமாக 100, 200, 300, 400 ஹெர்ட்ஸ் அலைகளைக் கூட்டித் தெரு முனை மின்மாற்றியின் ஓசையைச் செய்யுங்கள். பிறகு வெளியே போய் உண்மையானதைக் கேளுங்கள். எந்த மேற்சுரம் மிகுந்தது, எது குறைந்தது என்று திரும்பி வந்து திருத்துங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது அது உங்களுக்கு வெறும் இரைச்சலாக இராது.