சாலையைப் பார்த்து ஊரை அளக்காதீர்!

ஒரு கிராமத்தின் வாழ்க்கைத் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? தார்ச்சாலையைக் கொண்டா? மாடி வீடுகளைக் கொண்டா? விடை காண விரும்பும் வாசகர்கள், சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள நாவலூரைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் வேளாண் கிராமமாக இருந்த ஊர் அது. அண்டையிலுள்ள சிறுசேரியில் மென்பொருள் பூங்கா எழுந்தபின், நாவலூரிலும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. எனினும் அவற்றுள் பலவற்றுக்குத் தண்ணீர் லாரியில்தான் வந்தது. 2019ஆம் ஆண்டு வறட்சியில், இச்சாலையிலுள்ள நிறுவனங்கள் சில, தண்ணீர் இன்மையால் பணியாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு கூற நேர்ந்தது. சாலையில் நிற்பவருக்குச் செழிப்பே தெரியும்; அடுக்களையில் நிற்பவருக்கன்றோ குறை தெரியும்!

ஆகவேதான் ஊரை வீடு வீடாக அறிய வேண்டியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் தந்து, விடுமுறையில் கிராமங்களை ஆராய்ந்து வரச் செய்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி முதலிய ஊர்களின் நிலை 1918இல் நூலாக வெளிவந்தது. அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்த நூல் 1940இல் வந்தது. முதல் ஆய்வு நிலையைக் காட்டும். மறு ஆய்வே மாற்றத்தைக் காட்டும்.

ஆனால், அளவுகோலும் நேர்மையாக இருத்தல் வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் 35 வினாக்கள் இருந்தன. குடிநீர் எங்குள்ளது என்பது அவற்றுள் ஒன்று. வீட்டு வளாகத்தினுள் இல்லையெனில், நகரத்தில் 100 மீட்டருக்குள் இருந்தால்தான் 'அருகில்' எனப் பதியப்பட்டது. கிராமத்திலோ 500 மீட்டர் வரை 'அருகில்'தான்! போய்வர ஒரு கிலோமீட்டர். நான்கு குடத்திற்கு நான்கு நடை எனில் நான்கு கிலோமீட்டர். இடுப்பில் குடம் சுமக்கும் தாய்க்கு இது அருகாமையா?

அன்புச் சகோதரிகளே! உங்கள் ஊரின் தேவையை உங்களைவிட நன்கறிந்தவர் யார்? தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர், கழிப்பிடம், சாக்கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை உங்கள் வீட்டிலிருந்து எத்தனை நடை தொலைவு என்பதைக் குறித்துக்கொண்டு சென்று, அங்கே எடுத்துரையுங்கள். கணக்கெடுக்க அலுவலர் வாசலுக்கு வரும்போது, தண்ணீரைப் பற்றிய வினாவுக்கு வீட்டு ஆண்கள் விடை கூற வேண்டாம். குடம் சுமப்பவரே கூறட்டும்!