இருபத்தைந்தில் போனால் திரும்பி வரலாம்

திருமயம் கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பழைய சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தில் மோட்டாரைப் பூட்டி, குறுக்குக் கம்பிக்குக் கீழே 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கட்டி, வீட்டுத் திண்ணையிலேயே ஒருவர் மோட்டார் சைக்கிள் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பிக் கிளம்புகிறார் என்போம். மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால், புதுக்கோட்டையில் வேலையை முடித்துக்கொண்டு திருமயம் திரும்பிவிடலாம். 40இல் விரட்டினால் புதுக்கோட்டைக்குள் நுழையும்போதே பேட்டரி தீர்ந்துவிடும். திரும்பும்போது செத்த மோட்டாரையும் சேர்த்துச் சுமந்து மிதிக்க வேண்டியதுதான்.

அதே சாலை, அதே பேட்டரி, அதே ஆள். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. போகும் தூரம் மட்டும் ஏன் பாதியாகிறது?

காற்றுக்குக் கட்டும் கப்பம்

ஓடுகிற சைக்கிளைச் சமதளத்தில் இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் தரையில் நசுங்கி உருள்வதால் வரும் தடை. ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால் இது சுமார் 8 நியூட்டன். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் பெரிதாக மாறாது. இன்னொன்று காற்று. இதுதான் கணக்கைக் கெடுப்பது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்துத் தள்ளத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு.

நம் ஊர் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 15 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 60 வாட் போதும். சாதாரண உடல்வாகு உள்ளவர் மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய அளவு இது. 25 கிலோமீட்டருக்கு 175 வாட். 40 கிலோமீட்டருக்கோ 580 வாட். நம்மவரின் பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கு மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் வெறும் சூடாகப் போய்விடும். மிச்சத்தை வைத்து 25இல் 41 கிலோமீட்டர் ஓடலாம். 40இல் 20 கிலோமீட்டர்கூடத் தேறாது.

விதியில் இருக்கும் எண்

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐப் புரட்டினால் அதே எண் கண்ணில் படும். மிதிக்கு உதவும் மின்சைக்கிளில் மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, அதற்கு முன்பே ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். இப்படியுள்ள சைக்கிள் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண், உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம்.

25 கிலோமீட்டருக்குத் தேவை 175 வாட். விதி அனுமதிப்பது 250 வாட்டுக்குள். லேசான மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் கொஞ்சம் இருப்பு வைத்த அளவு. ஐரோப்பாவிலும் 250 வாட், 25 கிலோமீட்டர்தான். 1993இல் யமஹா மிதிக்கு உதவும் மின்சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜப்பானில் 24 கிலோமீட்டரில் உதவி முற்றாக நின்றுவிட வேண்டும்.

பெட்ரோல் என்ஜினுக்கு அளவுகோல் வேறு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்கும் குறைவான சக்கரமும் 25 சி.சி.க்கு மேற்படாத என்ஜினும் உள்ள வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் சைக்கிளில் பூட்டுவதற்கென்று ஆன்லைனில் விற்கும் என்ஜின்கள் பெரும்பாலும் 49, 80 சி.சி. அதைப் பூட்டிய நொடியில் அது பதிவு செய்யாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். ஓட்டியது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும்கூட விதிக்கலாம்.

என்ஜின் சுலபம், மற்றதுதான் கடினம்

1946இல் ஜப்பானின் சொய்சிரோ ஹோண்டா செய்ததும் இதே வேலைதான். போரில் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு என்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைச் சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டாங்க், படுக்கையில் கதகதப்புக்கு வைக்கும் வெந்நீர்க் குடுவை. 1980இல் ஓசூரிலிருந்து வந்து நம் கிராமத்துச் சாலைகளை நிறைத்த டி.வி.எஸ். 50-உம் அந்த வம்சம்தான். ஆனால் சைக்கிளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு என்ஜின் மட்டுமல்ல. சட்டகம், டயர், பிரேக், சக்கரம் எல்லாமே அந்த என்ஜினுக்கு ஈடுகொடுக்கும்படி மாறியிருந்தன. திண்ணையில் செய்கிற வண்டியில் மாறுவது மோட்டார் ஒன்றுதான். மற்றதெல்லாம் மிதிக்கும் காலுக்காகச் செய்தவை.

பிரேக்கையே பாருங்கள். 15இல் போகும் வண்டியைவிட 40இல் போகும் அதே வண்டிக்குள் ஏழு மடங்கு ஆற்றல் இருக்கிறது. அத்தனையையும் ரிம்மைக் கவ்வும் இரண்டு ஜோடி ரப்பர் கட்டைகள் சூடாக மாற்ற வேண்டும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக் இருந்தால், 15இல் போகும் வண்டி 3 மீட்டரில் நிற்கும். 25இல் 8 மீட்டர். 40இல் 20 மீட்டர். ஆடு குறுக்கே வருவதைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் இன்னும் 11 மீட்டர் போயிருக்கும். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் கட்டை வழுக்கும் என்பது சைக்கிள் ஓட்டிய எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது அச்சு. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது, தன் அச்சைப் பின்னால் முறுக்கும். அதைத் தடுத்துப் பிடிப்பவை அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் செதுக்கிய ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலப் பரப்புகள். 40 நியூட்டன்-மீட்டர் முறுக்கை அவ்வளவு சிறிய இடம் தாங்கும்போது, அங்கே விழும் விசை சுமார் 400 கிலோ எடைக்குச் சமம். அச்சு உட்காரும் பிளவு நாளடைவில் விரிந்துவிட்டால், ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று வரும். முறுக்கைத் தாங்க ஓர் எஃகுப் பட்டையை அச்சோடு சேர்த்துச் சட்டகத்தில் பூட்டுவது இதற்காகத்தான்.

மூன்றாவது பேட்டரி. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் செல்களில் பத்தை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும். ஆனால் பத்தும் ஒரே வலுவில் இருக்காது. இளைத்த செல் முதலில் நிரம்பும், முதலில் வடியும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணித்து மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால் அந்த ஒரு செல்லே தீக்குக் காரணமாகிவிடும்.

குறுக்குக் கம்பியின் கதை

சைக்கிளைப் பற்றிப் பேசப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. 1991இல் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் பெண் தொண்டர்கள் உள்கிராமங்களை எட்டுவதற்காகச் சைக்கிள் பயிற்சியைத் தொடங்கிவைத்தார். அது தீயாய்ப் பரவிப் பெரும் இயக்கமானது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்ததாம். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துப் போகலாம் என்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்று அந்தக் கம்பியில்தான் பேட்டரி தொங்குகிறது. முழங்கால் வலியுள்ளவருக்கும் காய்கறி மூட்டை ஏற்றுகிறவருக்கும் 200 வாட் உதவி பெரிய வரம். ஆனால் ஒரு முள் இருக்கிறது. விதி தரும் விலக்கு, அரசு அங்கீகரித்த பரிசோதனை நிலையம் சோதித்துச் சான்று தந்தால்தான் செல்லும். புனேவில் ஒன்று இருக்கிறது, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்கிற ஆலைக்கு அது எளிது. ஒற்றைச் சைக்கிளைச் செய்தவர் எங்கே போவார்? அடக்கமாக 25இல் ஓடும் அவர் வண்டியும், சான்று இல்லாததால், சாலையில் 50இல் பறக்கும் வண்டியோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

மோட்டாரின் திறன், நின்றுபோகும் வேகம், பிரேக் பிடிக்கும் தூரம், அச்சின் பூட்டு. இந்த நான்கையும் அளக்க ஒரு பாலிடெக்னிக் பட்டறையும் அரைமணி நேரமும் போதும். மாவட்டத்துக்கு ஒரு பட்டறைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், திருமயத்துக்காரர் தன் வண்டியில் புதுக்கோட்டைக்குப் போய்ச் சான்று வாங்கி, அதே பேட்டரியில் வீடு திரும்பிவிடலாம். 25இல் போனால்.